பால்பார்க் ஃபிகர்!

தலைப்பைப் பார்த்ததும் நம் கடைசி பெஞ்ச் நண்பர்கள் நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது. மன்னிக்கவும், இது அந்த ஃபிகர் இல்லை. என் மானத்தை வாங்கிய ஃபிகர்!

இன்பிளான்ட் டிரெயினிங்குக்கு ஒரு தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். மூன்றாம் நாள் காலை மீட்டிங்கில், ரிஜெக்ட் ஆன பீஸ்களைப் பற்றி மேனேஜர் என்னிடம் ஏதோ கேட்டார். வேகமான இங்கிலீஷ். "பால்பார்க் ஃபிகர்" என்பது மட்டும் காதில் விழுந்தது. பால் என்றால் பால் பேரிங், ஃபிகர் என்றால் படம். நோட்டைத் திறந்து பேரிங்கின் செக்‌ஷனல் வியூவை வரைய ஆரம்பித்துவிட்டேன். அறையே சிரித்தது. நாளை முதல் போகவே கூடாது என்று முடிவு செய்தேன்.

மதியம் கேன்டீனில் சூப்பர்வைசர் அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நீயாவது படம் வரைஞ்ச. நான் புரிஞ்ச மாதிரி தலையாட்டி ஒரு லாட்டையே ஸ்கிராப் ஆக்கினவன். கேளு தம்பி, சொல்றேன்" என்றார்.

பால்பார்க் என்பது அமெரிக்காவில் பேஸ்பால் ஆடும் மைதானம். பால்பார்க் ஃபிகர் என்றால் தோராயமான கணக்கு. 'பால் உங்க கோர்ட்டில்' என்றால், டென்னிஸ் போல, அடுத்து செய்ய வேண்டியது நீங்கள்தான்.

பிறகு நானே நூலகத்தில் தேடினேன். 1864இல், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, ஆண்டர்சன்வில் சிறை முகாமில் ஓர் எல்லை வைத்திருந்தார்கள். தாண்டிய கைதியைச் சுட்டுவிடுவார்கள். அதற்குப் பெயர்தான் டெட்லைன்! நம் ரெக்கார்டு நோட்டு டெட்லைன் எவ்வளவோ தேவலை.

'பேக் டு தி டிராயிங் போர்டு' நம்ம சொத்து. 1941இல் நியூயார்க்கர் இதழில் பீட்டர் ஆர்னோ ஒரு கார்ட்டூன் போட்டார். விமானம் நொறுங்கிக் கிடக்கிறது. வடிவமைத்தவரோ வரைபடச் சுருளை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மறுபடியும் டிராயிங் போர்டுக்குப் போக வேண்டியதுதான் என்று கிளம்புகிறார். இரண்டு முறை அரியர் எழுதிய எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.

வீட்டில் அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கொத்தனார், பள்ளிக்கூடம் போனதில்லை. "தோராயமாத்தானே கேட்டாரு? பத்தடிக்குப் பத்தடி, ஒம்போது இஞ்ச் சுவருன்னா ஆயிரம் கல்லு. பார்த்ததும் சொல்லிடுவேனே!" என்றார். கணக்குப் போட்டேன். 75 கன அடி, கன அடிக்குப் பதின்மூன்று, பதினான்கு கல். ஆயிரம்தான் வருகிறது!

முப்பது வருடமாக அப்பா சொல்லிவரும் குத்துமதிப்புக்கு இங்கிலீஷ் பெயர் தெரியாமல்தான் நான் தலைகுனிந்து நின்றிருக்கிறேன். மறுநாள் போனேன். மீட்டிங்கில் புரியாதபோது, "சார், ஒன்ஸ் மோர் ப்ளீஸ்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

ஆகவே நண்பர்களே, புரியாததற்குத் தலையாட்டாதீர்கள். கேளுங்கள். ஆனால் என் அரியர் எத்தனை என்று மட்டும் பால்பார்க் ஃபிகர் கேட்காதீர்கள்!

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்