காற்று மிகுந்தது, எரிபொருள் போதவில்லை



டொராண்டோவில் பனி விலகிய சமயம், நம் சபை வாலிபர் ஒருவரின் கார் கொட்டகையில் ஒரு மாலைப்பொழுதைக் கழித்தேன். 1990-களில் வெளிவந்த மாஸ்டா மியாட்டா என்னும் இரண்டு இருக்கைக் கார் அது. அதன் 1.8 லிட்டர் எஞ்சினுக்கு, காற்றை அழுத்தி உட்செலுத்தும் சூப்பர்சார்ஜரைக் குளிர்காலம் முழுதும் உழைத்துப் பொருத்தியிருந்தார். அன்றோ அவர் எரிபொருள் பம்பை மாற்றிக்கொண்டிருந்தார்.

காரணத்தைக் கேட்டேன். இயல்பான காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 14.7 பவுண்டு, சூப்பர்சார்ஜர் அதன்மேல் இன்னும் 7 பவுண்டு சேர்க்கிறது. காற்று மிகுந்தால் பெட்ரோலும் மிகவேண்டும். உள்ளே அழுத்தம் ஏறும்போது, அதை எதிர்த்துத் தெளிக்க எரிபொருளின் அழுத்தமும் அதே அளவு ஏறவேண்டும். ஆனால் அழுத்தம் ஏற ஏற, பம்ப் தரும் பெட்ரோலின் அளவு குறையும். மிகுதியாகத் தேவைப்படும் அதே கணத்தில் அது குறைவாகத் தருகிறது.

"மெதுவாக ஓட்டும்போது ஒரு குறையும் தெரியாது, ஐயா. முழுப் பாரம் ஏறும்போதுதான் தெரியும்" என்றார். சோதனை மேடையில் ஏற்றிப் பார்த்தபோது, ஒரு பங்கு பெட்ரோலுக்கு 12 பங்கு காற்று என்றிருக்கவேண்டிய கலவை 14-ஐத் தாண்டியதாம். உடனே காலை எடுத்துவிட்டார். எடுத்திராவிட்டால், மெலிந்த கலவை நேரந்தவறி வெடித்து, பிஸ்டனே உருகியிருக்கக்கூடும்.

இருக்கைகளுக்குப் பின்னால் விரிப்பை விலக்கி, மூடியைத் திறந்து, பழைய பம்பை வெளியே எடுத்தார். புதியது மணிக்கு 190 லிட்டர் தருவது. "இன்னும் பெரியதாக வாங்கலாமே" என்றேன். மிகப் பெரியதானால், மிஞ்சும் பெட்ரோலைத் தாங்கிக்குத் திருப்பியனுப்பப் பழைய அழுத்தச் சீராக்கியால் இயலாது என்று விளக்கினார். மற்றொன்றும் சொன்னார்: பம்பைக் குளிர்விப்பது அது மூழ்கியிருக்கும் பெட்ரோலே. தாங்கி வற்ற வற்ற ஓட்டினால் பம்ப் சூடேறிக் கெட்டுப்போகும்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இந்த ஆண்டு இரண்டாம் ஆராதனையையும், புதன்கிழமை வீட்டுக் கூட்டங்களையும் தொடங்கினேன். மருத்துவமனைச் சந்திப்புகளும் பெருகின. என் அதிகாலை ஜெபமோ பத்து ஆண்டுகளுக்கு முன்னிருந்த அதே அரைமணி நேரம். சில நாட்களில் அதுவும் இல்லை. ஞாயிறு பிரசங்கத்தில் எவருக்கும் குறை தெரிந்திராது. ஆனால் லெந்து நாட்களில் ஓர் இரவு, மகனுக்காக ஜெபிக்கும்படி முதிய தாயார் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "இந்த நேரத்திலா அழைப்பது?" என்று கடிந்து கேட்டேன். "மன்னியுங்கள் ஐயா, தொந்தரவு செய்துவிட்டேன்" என்று வைத்துவிட்டார். அவர் வேண்டியது ஒரு நிமிட ஜெபம். அதைக் கொடுக்க என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். கர்மேலில் அக்கினி இறங்கக் கண்ட எலியா, அடுத்து சூரைச்செடியின்கீழ் சாவை வேண்டிப் படுத்திருக்கிறான். கர்த்தர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. தூதனை அனுப்பி, உறங்கியவனை எழுப்பி, அடையும் தண்ணீரும் கொடுத்தார். ஒருமுறை போதவில்லை, இரண்டாம் முறையும் கொடுத்தார். முன்னிருந்தது ஓரேபுவரை நாற்பது நாள் பயணம். பயணத்தின் தூரத்தை அறிந்தவர் அதற்கேற்றபடி போஷித்தார்.

மறுநாள் அந்தத் தாயாரின் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் என் தலைமேல் கைவைத்து எனக்காக ஜெபித்தார். இப்போது அதிகாலையில் ஒரு மணி நேரம் கர்த்தருடைய சமுகத்தில் காத்திருக்கிறேன். அதற்காகப் புதன்கிழமைக் கூட்டங்களில் ஒன்றை மூப்பர் ஒருவரிடம் ஒப்படைத்தேன்.

பிரியமானவர்களே, இரண்டாம் வேலையையோ, நோயுற்ற பெற்றோரையோ, சபைப் பொறுப்பையோ இவ்வாண்டில் புதிதாய்ச் சுமக்கிறீர்களா? சுமையோடு ஜெபமும் வளர்ந்ததா என்று இந்த வாரம் சோதித்துப் பாருங்கள். பாரம் ஏறும் நாளுக்காகக் காத்திராதீர்கள்.

ஜெபம்: பிதாவே, எங்கள் பயணத்தின் தூரத்தை நீர் அறிவீர். உமது சமுகத்தில் மூழ்கியிருக்க எங்களுக்குக் கிருபை தாரும். வெறுமையினால் நாங்கள் காயப்படுத்தியவர்களிடம் திரும்பிச் செல்லும் தாழ்மையையும் தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.