ஒரு மீட்டர்

ஜோர்க்கி-4 காமிராவைப் பற்றிப் பேச்செடுத்தால் நண்பர்கள் உடனே பழமை மோகம் என்கிறார்கள். வெண்கலச் சொம்பையும் கிராமபோன் தட்டையும் கூடத்தில் காட்சிக்கு வைக்கிற மனோபாவத்தோடு இதைச் சேர்த்துவிடுவது சுலபம். ஓரளவு நியாயமும்கூட. அறுபத்துமூவர் உற்சவத்தன்று கழுத்தில் லைகாவோடு மயிலாப்பூர் மாடவீதிக்கு வருகிறவர்களில் சிலருக்கு அது நகைதான். ஆனால் கருவி பழையது என்பதாலேயே அது தரும் சந்தோஷமும் பழசாகிவிட வேண்டுமா என்பது என் கேள்வி.

மாஸ்கோவுக்கு அருகே கிராஸ்னோகார்ஸ்க் தொழிற்சாலையில் 1956 முதல் 1973 வரை லட்சக்கணக்கில் செய்த காமிரா இது. ஜோர்க்கி என்றால் ருஷ்ய மொழியில் கூரிய பார்வை கொண்டது. என்னிடமிருப்பது பல கை மாறி வந்தது. எண் 68 என்று தொடங்குவதால் 1968இல் செய்தது, என்னைவிட மூத்தது. லைட் மீட்டர் கிடையாது. ஷட்டரை ஏற்றிய பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே கெட்டுப்போகும்.

அதிலுள்ள ஜூபிடர்-8 லென்ஸுக்கு ஒரு வம்சாவளி உண்டு. லுட்விக் பெர்டலே 1930களில் ஜெர்மனியின் ஜைஸ் நிறுவனத்துக்காக வடிவமைத்த சொன்னார் லென்ஸின் வாரிசு அது. யுத்தம் முடிந்ததும் நஷ்டஈடாக ஜைஸின் இயந்திரங்களும் கண்ணாடியும் சோவியத் நாட்டுக்குப் போயின. ஆறு கண்ணாடிகளை மூன்று தொகுதிகளாக ஒட்டியிருக்கிறார்கள். கண்ணாடிக்குப் பூச்சு இல்லாத காலத்தில், காற்றைத் தொடும் ஒவ்வொரு பரப்பிலும் வெளிச்சம் சிதறும்; அந்தப் பரப்புகளைக் குறைத்ததுதான் பெர்டலேயின் சாமர்த்தியம். எஃப் 2க்குத் திறந்தால் நடுவில் கூர்மையும் ஓரங்களில் ஓர் இளக்கமும். 5.6க்கு மூடினால் சுவரில் காரை பெயர்ந்த இடங்களை எண்ணலாம்.

பிலிம் விஷயம் வருத்தமானது. 1960இல் உதகமண்டலத்தில் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் சுருள்கள் செய்தது. அது மூடியாகிவிட்டது. நான் வாங்குவது இறக்குமதிச் சுருள். 36 படம்தான் என்ற கட்டுப்பாடு ஒழுக்கத்தைக் கற்பிக்கிறது என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. பணமிருப்பவன் பத்துச் சுருள் வாங்கிக்கொள்வான். ஒழுக்கம் வேறிடத்தில் இருக்கிறது.

இந்தக் காமிராவில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. தனியான ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம். கபாலீசுவரர் குளப்படியும் அதற்கப்பாலிருக்கும் கோபுரமும் அதில் ஒரே தெளிவோடு தெரிகின்றன. நடுவிலுள்ள சிறு வட்டத்தில் மட்டும் பிம்பம் இரண்டாக விலகி நிற்கும். லென்ஸைத் திருப்பித் திருப்பி இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். அழகாக மங்கிய பின்னணி எதையும் காமிரா முன்கூட்டிக் காட்டி மயக்குவதில்லை. கேட்பதெல்லாம் அந்த மனிதன் உன்னிடமிருந்து எவ்வளவு தூரம் என்பதுதான். ஒரு மீட்டருக்குக் கிட்டே போனால் பிம்பங்கள் சேராது. அதற்குமேல் நெருங்க அனுமதியில்லை.

ஒரு மீட்டர் என்பது பேசும் தூரம். எதிரிலிருப்பவர் நம்மைப் பார்க்கிறார், வேண்டாமென்றால் கையை உயர்த்தலாம். தொலைவிலிருந்து திருட்டுத்தனமாக இழுத்துக்கொள்வதும் முகத்துக்குள்ளேயே புகுந்துவிடுவதும் இதில் நடக்காது. 1950 ஏப்ரல் 14 இரவு ரமணர் மறைந்தபோது கார்ட்டியர் பிரஸ்ஸன் திருவண்ணாமலையில் இருந்தார். லைகாவும் 50 மி.மீ. லென்ஸும் அவருடைய வழக்கமான கருவிகள். ரமணரின் கடைசி நாட்களை அவர் படமெடுத்தார். பின்னர் திரண்ட கூட்டத்தையும் எடுத்தார். பூஜையறைகளில் நாம் வணங்கும் ரமணர் வேறு, வெல்லிங் எடுத்த முகம். சுற்றிலும் எதுவுமில்லாத, கருணை மட்டுமேயான முகம். இரண்டும் உண்மைதான். ஆனால் இரண்டும் வேறு வேறு தேவைகளுக்கானவை.

இது எனக்கு உறைத்தது அப்பா போன பிறகு. மந்தைவெளி வீட்டில் கடைசி மாதங்களில் அவர் ஈஸிசேரை விட்டு எழவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில், எஃப் 2இல், ஒரு வினாடியில் முப்பதில் ஒரு பங்குக்கு ஷட்டரைத் திறந்து எடுத்த படம் ஒன்று இருக்கிறது. மாத்திரை டப்பா, தினசரிக் காலண்டர், பல வருஷம் தலை சாய்ந்து சேர்த் துணியில் படிந்த எண்ணெய்க் கறை, இவற்றுக்கு நடுவே அப்பா. பதிமூன்றாம் நாளுக்குப் படம் வேண்டியிருந்தது. “முகம் மட்டும் போதும்டா, பின்னாலே ஒரே அழுக்கா இருக்கு” என்றாள் அக்கா. தி. நகரில் ஒரு ஸ்டூடியோவில் தலையை வெட்டியெடுத்து நீல ஆகாயத்தில் ஒட்டிக் கொடுத்தார்கள். அந்தப் படத்துக்குத்தான் மாலை. அக்காவைக் குறை சொல்ல மாட்டேன். விளக்கேற்ற ஒரு முகம் வேண்டும்.

இலக்கியத்துக்கு அந்தச் சலுகை கிடையாது என்றுதான் சொல்ல வருகிறேன். நம் சினிமா முகத்தால் திரையை அடைத்துக் கண்ணீரின் அளவைக் காட்டுகிறது. கதைகளும் பாத்திரத்தின் துக்கத்துக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நிற்கின்றன. அவன் எந்த நாற்காலியில் உட்கார்ந்து துக்கப்பட்டான் என்று தெரிவதில்லை. விமர்சகர்களாகிய நாம் செய்வதும் இதுதான். எழுத்தாளன் ஒருவன் இறந்த மறுமாதம் சிறுபத்திரிகைகளில் வரும் அஞ்சலிகளைப் பாருங்கள். அவனுடைய பலவீனமான நாவல்கள், சண்டைகள், பாதியில் கைவிட்டவை எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, தலையை மட்டும் நீல ஆகாயத்தில் ஒட்டுகிறோம். வாழ்ந்த காலத்தில் அவனிடம் வாய்விட்டுச் சொல்லாத பாராட்டு அது. உயிரோடிருக்கும்போது பேசும் தூரத்தில் நின்று, அவன் பார்க்கப் பார்க்க, கறையோடு சேர்த்து எழுதுவதே மரியாதை என்று எனக்குப் படுகிறது. அவன் கையை உயர்த்தி மறுக்கவும் அப்போதுதான் முடியும்.