கில்பின் வீட்டுப் பட்டியல்

பிலடெல்பியாவிலிருந்து ஒன்றாம் எண் நெடுஞ்சாலையில் தென்மேற்காக ஏறக்குறைய 40 கிலோமீட்டர் போனால் சாட்ஸ் ஃபோர்டு வரும். பக்கத்தில் ஓடும் பிராண்டிவைன், ஆறு என்ற பெயருக்குக் கொஞ்சம் சிறியதுதான். அமெரிக்க விடுதலைப் போரின்போது, 1777 செப்டம்பர் 11 அன்று, அதன் கரையில் ஜார்ஜ் வாஷிங்டனின் படையும் பிரிட்டிஷ் தளபதி வில்லியம் ஹோவின் படையும் மோதின. வாஷிங்டன் தோற்றார். இரண்டு வாரத்தில் பிலடெல்பியா பிரிட்டிஷார் கைக்குப் போனது.

போர்க்களப் பூங்காவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு பேரைத் தேடித்தான் வருகிறார்கள். ஒருவர் வாஷிங்டன். இன்னொருவர், தன் முதல் போரிலேயே காலில் குண்டு பட்ட இருபது வயதுப் பிரெஞ்சுக்காரர் லஃபாயெட். நான் தேடிப் போனது கிடியன் கில்பின் என்ற விவசாயியை. அவர் சண்டை போடவில்லை. போடக்கூடாது என்பது அவருடைய சமயம்.

அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்து நிலமெல்லாம் பெரும்பாலும் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினருடையது. ஆயுதம் எடுப்பதில்லை, சத்தியப் பிரமாணம் செய்வதில்லை என்பவை அவர்களின் அசைக்க முடியாத கொள்கைகள். உண்மை பேசுகிறவனுக்குச் சத்தியம் எதற்கு, சத்தியம் செய்தால் மற்ற நேரத்தில் பொய் பேசுவான் என்றல்லவா ஆகும் என்று கேட்பார்கள். இங்கிலாந்தில் இதற்காகச் சிறைக்குப் போனவர்கள்தான் வில்லியம் பென் நிறுவிய பென்சில்வேனியாவுக்குக் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். கில்பின்களின் மூதாதை ஜோசப்பும் அவர் மனைவி ஹன்னாவும் 1695இல் ஆக்ஸ்ஃபோர்டு வட்டாரத்திலிருந்து வந்தவர்கள். முதலில் ஒரு குகையில் குடியிருந்தார்களாம். பிறகு காடு வெட்டி, நிலம் திருத்தி, 15 பிள்ளைகளைப் பெற்றார்கள். போர் வந்தபோது அவர்களின் வாரிசுகள் பிராண்டிவைன் கரையிலும் பிலடெல்பியாவிலும் வர்ஜீனியாவிலுமாகப் பரவியிருந்தார்கள்.

கிடியனின் கல்வீடு இன்னும் அதே இடத்தில் நிற்கிறது. பக்கத்தில் ஒரு சிக்கமோர் மரம், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம். லஃபாயெட் இந்த வீட்டில்தான் தங்கினார் என்பது ஊர் வழக்கு. வாஷிங்டன் தங்கிய பெஞ்சமின் ரிங் வீட்டில்தான் அவரும் இருந்திருப்பார் என்று வரலாற்றாசிரியர்கள் சிலர் வாதாடுகிறார்கள். ரிங்கும் குவேக்கர்தான். ‘உங்கள் வீட்டைக் கொடுங்கள்’ என்று படைத்தலைவர் வந்து நின்றால் ஆயுதமில்லாத விவசாயி என்ன சொல்லிவிட முடியும்? ரிங் வீடு 1931இல் எரிந்துபோனது. இப்போது இருப்பது திரும்பக் கட்டியது.

எங்கள் குழுவை அழைத்துப்போன வயதான அம்மாள் லஃபாயெட்டைப் பற்றி உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு ஆர்வம் கிடியன் பறிகொடுத்த பொருள்களின் பட்டியலில். கறவை மாடு 10. உழவுமாடு ஒரு ஜோடி. செம்மறி 48. பன்றி 28. காய்ந்த புல் 12 டன். கோதுமை 230 புஷல். உப்பிட்ட பன்றி இறைச்சி 50 பவுண்டு. வரலாற்றுப் புத்தகம் ஒன்று. துப்பாக்கி ஒன்று.

விவசாயம் தெரிந்தவர்கள் இதை நிதானமாகப் படிப்பார்கள். செப்டம்பர் மாதம். கோதுமை அறுத்துக் களஞ்சியத்துக்கு வந்தாயிற்று. பனிக்காலம் முழுக்க மாடுகளுக்குப் போடவேண்டிய புல்லும் சேர்ந்தாயிற்று. பல்லாயிரம் சிப்பாய்களும் அவர்களின் குதிரைகளும் பசியோடு வந்து சேர இதைவிட வசதியான மாதம் கிடையாது. சண்டை ஒரே நாளில் முடிந்துவிட்டது. ஆனால் ஹோவின் படை 16ஆம் தேதிவரை இந்த வட்டாரத்தைவிட்டு நகரவில்லை. கொள்ளை அந்த நாட்களில் நடந்தது. உழவுமாடு போனால் அடுத்த விதைப்பும் போயிற்று என்று பொருள். புத்தகத்தை எந்தச் சிப்பாய் எதற்கு எடுத்தான் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. துப்பாக்கியைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். மனிதனைச் சுடுவதைத்தான் குவேக்கர் மறுத்தார். நரியும் முயலும் அந்தக் கணக்கில் வராது.

ஆற்றின் மேற்கே, நெடுஞ்சாலையை ஒட்டியே, குவேக்கர்கள் வழிபாட்டுக்குக் கூடும் பழைய கென்னட் மீட்டிங் ஹவுஸ் இருக்கிறது. 11ஆம் தேதி வியாழக்கிழமை. வார நடுவில் கூடும் வழக்கப்படி குவேக்கர்கள் உள்ளே மௌனமாக உட்கார்ந்திருக்க, வெளியே முதல் துப்பாக்கிச் சண்டை தொடங்கியிருக்கிறது. அவர்கள் எழவில்லை. பர்மிங்ஹாம் மீட்டிங் ஹவுஸைச் சேர்ந்தவர்களுக்கு அந்த வாய்ப்புகூட இல்லை. 1763இல் கட்டிய அந்தக் கல்கட்டடத்தை வாஷிங்டனின் படை மருத்துவமனைக்காக எடுத்துக்கொண்டதால், ஸ்கானல்டவுன் என்ற இடத்தில் வண்டிச்சக்கரம் செய்யும் பட்டறையில் கூடினார்கள். ஹோவின் படை சுற்றுவழியாக வந்து வாஷிங்டனைப் பக்கவாட்டில் மடக்கிய பாதை அது. ஜோசப் டவுன்சென்ட் என்ற 21 வயது குவேக்கர் இளைஞர் வேடிக்கை பார்க்கப் போய், படையணிகளுக்கு நடுவிலேயே மாட்டிக்கொண்டார். மாலையில் அதே மீட்டிங் ஹவுஸில் பிரிட்டிஷ் மருத்துவர்கள் காயம்பட்டவர்களின் கை கால்களை வெட்டியெடுத்தபோது அங்கே உதவிக்கு நின்றவரும் அவரே. பின்னாளில் எல்லாவற்றையும் எழுதிவைத்தார். இந்தப் போரைப் பற்றி எழுதுகிறவர்கள் எவரும் டவுன்சென்டைத் தொடாமல் எழுத முடியாது.

அந்தக் கூடத்தில் இன்றும் குவேக்கர்கள் கூடுகிறார்கள். கல்லறைத்தோட்டத்தில், அமெரிக்கப் படையினர் மறைந்து நின்று சுட்ட மதிலுக்குள், இரு தரப்புச் சிப்பாய்களும் ஒன்றாகப் புதைக்கப்பட்டிருக்கிறார்கள்.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது கிடியனின் உறவினர்கள் கதை. அதே செப்டம்பர் 11 அன்று பிலடெல்பியாவிலிருந்து சில வண்டிகள் வர்ஜீனியாவை நோக்கிப் புறப்பட்டன. அவற்றில் இருந்தவர்கள் இருபது பேர்போல, பெரும்பாலும் குவேக்கர்கள். விசாரணை கிடையாது. எதிரிக்குத் துணைபோவார்கள் என்ற சந்தேகமும், புதிய அரசுக்கு விசுவாச உறுதிமொழி தர மறுத்ததுமே குற்றம். அவர்களில் ஒருவர் தாமஸ் கில்பின், வணிகர். செசபீக் விரிகுடாவையும் டெலவேர் ஆற்றையும் கால்வாயால் இணைக்க முன்னோடியாக நில அளவை செய்தவர். பீரங்கிச் சத்தம் அன்று நகரம்வரை கேட்டது. சத்தம் வந்த திசையில்தான் அவர் பாட்டன் ஜோசப்பின் நிலம். 1778 மார்ச்சில், வின்செஸ்டரில், நாடுகடத்தப்பட்டவராகவே தாமஸ் இறந்தார். மிச்சமிருந்தவர்களை ஏப்ரலில் விடுவித்தார்கள்.

தாமஸின் தம்பி ஜார்ஜ் கில்பின் வர்ஜீனியாவில் அலெக்சாண்ட்ரியாவில் குடியேறியவர். அவர் ஆயுதம் எடுத்தார். ஃபேர்ஃபாக்ஸ் படைப்பிரிவில் கர்னல் ஆனார். வாஷிங்டனுக்கு நண்பர். 1799இல் வாஷிங்டன் இறந்தபோது சவப்பெட்டியோடு நடந்த கர்னல்களில் அவரும் ஒருவர். அண்ணனைப் பிடித்து அனுப்பிய தரப்புக்காகத் தம்பி போரிட்டார் என்பதை அந்தக் குடும்பம் எப்படித் தாங்கியதோ.

கிடியன் இரண்டு பேர் வழியிலும் போகவில்லை. இழந்ததை ஈடுகட்ட வீட்டிலேயே மது விற்க உரிமம் வாங்கினார். புதிய அரசுக்கு விசுவாசப் பிரமாணமும் செய்தார். சபை அவரை விலக்கிவைத்தது. வருஷங்கள் கழித்து மன்னிப்புக் கேட்டுத் திரும்பச் சேர்ந்தார். தாமஸின் உறுதியைப் பாராட்டுவது எளிது. அவர் மகன் 1848இல் நாடுகடத்தப்பட்டவர்களின் ஆவணங்களைப் புத்தகமாகவே போட்டுவிட்டார். மாடும் கோதுமையும் போன வீட்டில், ஆட்சி எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாமல் அடுத்த போகத்துக்கு விதை தேடியவனைப் பற்றி யாரும் புத்தகம் போடுவதில்லை. எனக்கு கிடியன் பக்கம்தான் மனம் சாய்கிறது. குவேக்கர் நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1825 ஜூலையில், அமெரிக்கா முழுக்கப் பாராட்டு வாங்கிக்கொண்டு சுற்றுப்பயணம் செய்த லஃபாயெட் இந்த வீட்டுக்கு வந்து, சாகும் தறுவாயில் படுத்திருந்த கிடியனைப் பார்த்தார். இதில் சர்ச்சை எதுவும் இல்லை.

திரும்பும் வழியில் டில்வொர்த்டவுன் பக்கம் வண்டியைத் திருப்பச் சொன்னேன். போருக்குப் பிறகு ஹோ தங்கியிருந்ததும் ஒரு கில்பின் வீடுதான். ஊர் வழக்கை நம்பினால், வாஷிங்டன் பக்கத்து லஃபாயெட்டுக்கு ஒரு கில்பின் கூரை, வாஷிங்டனை வென்ற ஹோவுக்கு இன்னொரு கில்பின் கூரை. வண்டியோட்டிய அக்கா மகன், “மாமா, இன்னும் எத்தனை கில்பின் பாக்கி?” என்று கேட்டான். வின்செஸ்டரில் ஒருவர், அலெக்சாண்ட்ரியாவில் ஒருவர் என்றேன். இரண்டும் வர்ஜீனியா, அடுத்த லீவுக்குப் பார்க்கலாம் என்று வேகத்தைக் கூட்டினான்.