துணியில் கலக்கும் வண்ணம்

காளஹஸ்தியின் கலம்காரித் துணி ஓவியத்தில் பச்சைக்கென்று தனிச் சாயம் கிடையாது. இலையோ கிளியோ வரவேண்டிய இடத்தில் முதலில் மஞ்சளைத் தடவுகிறார்கள். அது காய்ந்ததும் மேலே அவுரி நீலத்தை ஏற்றுகிறார்கள். இரண்டும் இழையில் சேரும்போதுதான் பச்சை பிறக்கிறது.

நான் போயிருந்த பட்டறையில் ஓர் அம்மா இதைத் துண்டுத் துணியில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கம் பக்கமாக மூன்று கட்டங்கள். கடுக்காய்ப்பூ மஞ்சள் ஒன்றில் ஒரு பூச்சு, அடுத்ததில் இரண்டு, கடைசியில் மூன்று. பிறகு மூன்றின்மேலும் ஒரே நீலத்தை இழுத்தார். முதலாவது நீலம் தூக்கலான கரும்பச்சை, நடுவில் இலைப்பச்சை, மூன்றாவது கிளிப்பச்சை. “கண்ணு பாக்குறது மேல இருக்குற நீலத்தைங்க. ஆனா பச்சையைத் தீர்மானிக்கிறது அடியில இருக்குற மஞ்சள்தான்” என்றார்.

அடித்தளத்தின் வேலை அதற்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. கோராத் துணியைக் கடுக்காய்த் தூள் கலந்த எருமைப்பாலில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். பாலின் கொழுப்பு கோடு கசியாமல் காக்கும். கடுக்காயின் துவர்ப்பு கறுப்பைப் பிடிக்கும். துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் தண்ணீரில் நாள்கணக்கில் புளித்த கரைசல்தான் கறுப்பு மை. முனையில் கம்பளி சுற்றிய மூங்கில் குச்சியை அதில் தோய்த்து, கம்பளியை விரலால் அமுக்கி அமுக்கிக் கோடு இழுக்கிறார்கள். மங்கலாக விழும் கோடு துணியைத் தொட்டதும் கறுக்கிறது.

சிவப்புக்கு இன்னும் பொறுமை வேண்டும். சிவக்க வேண்டிய இடங்களில் அவர்கள் தடவுவது ஏறக்குறைய நிறமே இல்லாத படிகாரக் கரைசலை. அலசி, மஞ்சிட்டி வேரோடு கொதிக்க வைக்கும்போது படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். படிகாரத்தில் இரும்புக் கரைசலைச் சிறிது சேர்த்தால் அதே வேர் அரக்கு நிறம் தரும். வரைபவர் இன்னும் வராத நிறத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் குச்சியை நகர்த்துகிறார். நான் வியந்து நின்றது இந்தத் திறமையின் முன்தான்.

அலசுவதற்கு ஓடும் நீர் வேண்டும். தேங்கிய நீரில் அலசினால் மிஞ்சிய படிகாரம் பக்கத்தில் படர்ந்து, அங்கும் சிவப்பு ஏறிவிடும். காளஹஸ்தியின் பொன்முகலி ஆற்றங்கரையில் இந்தத் தொழில் வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம். ஆறு வற்றினால் வயல்கிணறுகளைத் தேடி ஈரத்துணியைச் சுமக்க வேண்டும்.

நலிந்து கிடந்த இக்கலைக்குக் கைவினை மீட்பு முன்னோடி கமலாதேவி சட்டோபாத்யாயின் முயற்சியால் 1950-களில் உயிர் வந்தது. இன்று இதே உருவங்களைத் திரை அச்சு மலிவாக அடித்துத் தள்ளுகிறது. அச்சில் கறுப்பும் சிவப்பும் பச்சையும் அடுத்தடுத்து அன்றே விழுந்துவிடும். இங்கே ஒவ்வொரு நிறத்துக்கும் பூசவும் அலசவும் காயவைக்கவும் வேண்டும். விலை பேசும்போது நீள அகலத்தை மட்டும் அளக்கிறோம். எத்தனை பூச்சு, எத்தனை அலசல் என்றும் கேட்க வேண்டும். அந்தக் கணக்கில் கூலி ஏறினால்தான் அடுத்த தலைமுறை இந்தக் குச்சியைக் கையில் எடுக்கும்.