நோன்பும் சாட்டையும்

தவக்காலம் நெருங்கும்போதெல்லாம் நம் பங்குகளில் ஒரு பேச்சு எழுவதுண்டு. "நாற்பது நாளும் நோன்பிருந்தால் ஆன்மாவுக்கும் நல்லது, உடம்பும் சற்று இளைக்கும்" என்று சிரித்துக்கொண்டே சிலர் சொல்வர். வேடிக்கையாகச் சொல்லப்படும் இச்சொற்களில் இறைவனை நாடும் விருப்பமும் கண்ணாடியை நாடும் விருப்பமும் கைகோத்து நிற்கின்றன. பின்னதைப் பாவம் என்று நான் கருதவில்லை. அளவுக்கு மிஞ்சிய பருமன் நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் வழி திறந்துவிடுகிறது. எனவே, எடையைக் குறைப்பது பலருக்கு விருப்பம் மட்டுமன்று, கடமையுமாகும். ஆனால், அக்கடமையை ஒரு மாத்திரையால் விரைந்து முடித்துவிடலாம் என்னும் ஆசை மனிதரை எங்கெல்லாம் கொண்டுபோய் நிறுத்தியது என்பதைப் படித்தறிந்தபோது, மருந்தைப் பற்றி மட்டுமன்றி நோன்பைப் பற்றியும் எனக்கு ஒரு தெளிவு பிறந்தது.

எடைக் குறைப்புக்குப் பயன்பட்ட ஊக்க மருந்துகளுள் மூத்தது ஆம்பெட்டமின். ருமேனிய நாட்டு வேதியியலாளர் லாசர் எதெலியானு 1887இல் பெர்லினில் இதனை முதன்முதலில் உருவாக்கினார். 1930களில்தான் இது மருந்தாகப் பயன்பாட்டுக்கு வந்தது. உட்கொண்டோருக்கு உறக்கம் விலகியது, சுறுசுறுப்புக் கூடியது, உணவில் நாட்டம் குறைந்தது. உண்ணாதவர் மெலிவது இயல்புதானே? உடல் மெலிய மருந்து கிடைத்துவிட்டது என்று பலர் மகிழ்ந்தனர்.

இம்மருந்து பசியை எவ்வாறு அடக்குகிறது? காட்டு வழியில் புலியைக் கண்டவனுக்குப் பசிக்காது. அந்நேரத்தில் அவன் உடலில் நார் அட்ரினலின் போன்ற பொருள்கள் பெருகுகின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது. ஓடவோ போரிடவோ உடல் ஆயத்தமாகிறது. உயிர் தப்ப வேண்டிய வேளையில் உணவை நினைக்க நேரமில்லை. ஊக்க மருந்து செய்வதும் ஏறத்தாழ இதுவே. புலி இல்லாமலேயே உடலைப் புலியின் முன் நிறுத்திவிடுகிறது. பசி தீர்ந்துவிடவில்லை, ஓசையற்றுப் போகிறது, அவ்வளவுதான்.

சில வாரங்களில் உடல் இந்த ஏமாற்றுக்குப் பழகிவிடுகிறது. பசி திரும்புகிறது, அளவைக் கூட்டினால்தான் முன்போல் அடங்குகிறது. கூட்டக் கூட்ட உறக்கமின்மை, படபடப்பு, எரிச்சல், சிலருக்கு மனக் குழப்பமும் பிரமையும் உண்டாகின்றன. நிறுத்தினாலோ சோர்வும் மனச்சோர்வும் பெரும்பசியும் சேர்ந்து வந்து, இழந்த எடையையும் மீட்டுத் தந்துவிடுகின்றன. இவ்வாறுதான் பலர் மருந்துக்கு அடிமையாயினர்.

அமெரிக்காவில் 'வானவில் மாத்திரைகள்' என்ற பெயரில் ஒரு வணிகமே நடந்தது. எடை குறைக்கும் மருத்துவமனைகளில் பல வண்ண மாத்திரைகளைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தனர். பசியடக்க ஆம்பெட்டமின், உடலை எரியவைக்கத் தைராய்டுச் சுரப்பு, நீரை வெளியேற்ற ஒன்று, படபடப்பைத் தணிக்க ஓர் உறக்க மருந்து, இவற்றோடு இதயத்துக்கான டிஜிட்டாலிசும் சேர்ந்திருக்கும். ஒரு மாத்திரையின் தீமையை மறைக்க இன்னொன்று! உயிரிழப்புகள் நேர்ந்தன. 1968ஆம் ஆண்டு ஜனவரியில் 'லைஃப்' இதழின் பெண் நிருபர் ஒருவர் இதனை அம்பலப்படுத்தினார். பருமனே இல்லாத அவர் பத்து மருத்துவர்களிடம் சென்றபோது, அவர்கள் கொடுத்த மாத்திரைகள் ஆயிரத்துக்கும் மேல். அவ்வாண்டிலேயே அமெரிக்க செனட் சபை இது குறித்து விசாரணை நடத்தியது.

ஐரோப்பாவின் அனுபவமும் கசப்பானதே. 1965இல் சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, மேற்கு ஜெர்மனி ஆகிய நாடுகளில் அமினோரெக்ஸ் என்னும் பசியடக்கி விற்பனைக்கு வந்தது. சிறிது காலத்திலேயே, நுரையீரலுக்குச் செல்லும் இரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறி மூச்சுத் திணறும் அரிய நோய் அந்நாடுகளில் திடீரெனப் பெருகியது. 1968இல் அம்மருந்து திரும்பப் பெறப்பட்டது. மருந்தை நிறுத்திய பிறகும் பலருக்கு நோய் விடவில்லை.

"அவை இரசாயனங்கள், மூலிகை என்றால் தீங்கில்லை" என்பார் உண்டு. அவர்கள் ஸ்டீவ் பெக்லரின் கதையை அறிய வேண்டும். பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் பேஸ்பால் பந்து வீச்சாளரான அவர் 2003ஆம் ஆண்டு பயிற்சி முகாமுக்கு எடை கூடிய நிலையில் வந்தார். எடையைக் குறைக்க எஃபெட்ரா என்னும் செடியின் சாறு அடங்கிய மாத்திரைகளை உட்கொண்டார்; உணவையும் சுருக்கினார். புளோரிடாவின் வெயிலில் பயிற்சி செய்தபோது மயங்கி விழுந்தார். உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏற, மறுநாள் பிப்ரவரி 17 அன்று உயிர் நீத்தார். வயது 23, மனைவி கருவுற்றிருந்தார். அவருக்கு உயர் இரத்த அழுத்தம் போன்ற வேறு குறைகளும் இருந்தன. ஆயினும், அச்சாவில் எஃபெட்ராவுக்கும் பங்குண்டு என்று பிணக்கூறு ஆய்வு செய்த மருத்துவர் கூறினார். எஃபெட்ரா கலந்த ஊட்டப் பொருள்களை அமெரிக்க அரசு 2004இல் தடை செய்தது.

இதெல்லாம் அயல்நாட்டுச் செய்தி என்று நாம் ஒதுங்கிவிட இயலாது. சிபுட்ராமின் என்னும் எடைக் குறைப்பு மருந்து நம் நாட்டிலும் விற்கப்பட்டது. நாடித் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்தும் இயல்புடையது அது. இதய நோயோ நீரிழிவோ உடைய ஏறத்தாழ 10,000 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2010இல் வெளியாயிற்று. மாரடைப்பு, பக்கவாதம் போன்ற கேடுகள் வெற்று மாத்திரை உண்டோரில் 1000 பேருக்கு 100 பேரையும், மருந்து உண்டோரில் 114 பேரையும் தாக்கியிருந்தன. அவ்வாண்டில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் அதனைக் கைவிட்டன. 2011 பிப்ரவரியில் இந்திய அரசும் தடை விதித்தது. ஆனால், தடை செய்யப்பட்ட அதே பொருள் 'இயற்கை மூலிகை' என்ற பெயரிட்ட உறைகளுக்குள் ஒளிந்திருப்பதைப் பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் அதற்குப் பின்னும் மீண்டும் மீண்டும் கண்டுபிடித்துள்ளன. உறையின் மேல் இலையின் படம் இருப்பதால் உள்ளே இருப்பது இலையாகிவிடாது.

இவற்றை எண்ணும்போது புனித பிரான்சிஸ் அசிசியார் என் நினைவுக்கு வருகிறார். அவர் தம் உடலைக் 'கழுதைச் சகோதரன்' என்று அழைத்தவர். கடுந்தவத்தால் அச்சகோதரனை மிகவும் வருத்திவிட்டதாக உணர்ந்து, இறுதிக் காலத்தில் அதனிடம் மன்னிப்பும் கேட்டார் என்பது மரபு. சுமை தாங்காமல் தளர்ந்த கழுதையைச் சாட்டையால் அடித்தால் சற்று தூரம் ஓடும். அடி புதிய வலிமையைத் தந்துவிட்டது என்று எவரும் சொல்லமாட்டார். ஊக்க மருந்து உணவன்று, ஓய்வன்று, அது சாட்டை.

நோன்பும் பசியோடு தொடர்புடையதுதான். ஆனால் அது பசியை அழிப்பதில்லை. பாலைவனத்தில் நாற்பது நாள் நோன்பிருந்த நம் ஆண்டவர் அதன் முடிவில் பசியுற்றார் என்று நற்செய்தியாளர் மத்தேயு எழுதுகிறார். அப்பசியை அவர் மறைக்கவுமில்லை, கல்லை அப்பமாக்கும் குறுக்கு வழியில் தீர்க்கவுமில்லை. நோன்பிருப்பவர் பசியை உணர்கிறார். அதன் வழியே தம் ஏழ்மையை அறிகிறார். நாள்தோறும் பசித்திருக்கும் அயலாரை நினைக்கிறார். ஒறுத்து மிச்சப்படுத்தியதை அவரோடு பகிர்கிறார். மாத்திரை உண்பவருக்கோ பசி என்னும் தூதன் வாய் கட்டப்பட்டுவிடுகிறான். பசிக்காதவருக்கு ஒறுத்தல் ஏது? ஆகவே, நோன்பு என்ற பெயரில் உடல் மெலிவை மட்டுமே தேடுவோருக்கும் இது ஓர் எச்சரிக்கை.

மருத்துவத்தை நான் பழிக்கவில்லை. பருமன் ஒரு நோய். அதற்கு மருத்துவம் பெறுவதில் குற்றமில்லை. பென்டெர்மின் போன்ற சில மருந்துகள் இன்றும் சில நாடுகளில் மருத்துவர் கண்காணிப்பில் குறுகிய காலத்துக்கு வழங்கப்படுகின்றன. ஊசி வழியே செலுத்தப்படும் புதிய மருந்துகள் ஊக்க மருந்து வகையைச் சேர்ந்தவை அல்ல. அவற்றுக்கும் மருத்துவர் துணை வேண்டும். இதயத்தையும் இரத்த அழுத்தத்தையும் சோதித்து, நன்மையையும் தீமையையும் எடைபோட்டுத் தருபவர் மருத்துவர். தோழி தந்த மாத்திரையும் அஞ்சலில் வந்த புட்டியும் எதையும் சோதிப்பதில்லை. அவற்றை ஏற்கெனவே உண்டு வருவோர் நெஞ்சுத் துடிப்போ மூச்சுத் திணறலோ கண்டால் அச்சமும் வெட்கமும் இன்றி மருத்துவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இம்மாத்திரைகளைத் தேடிப் போவோரைத் துரத்துவது பெரும்பாலும் பசியன்று, பிறர் பேச்சு. திருப்பலி முடிந்து கோவில் வாசலில் நிற்கும் இளம்பெண்ணிடம், "என்னம்மா, இப்படிப் பெருத்துவிட்டாய்?" என்று எத்தனை எளிதாகக் கேட்டுவிடுகிறோம்! பெண் பார்க்க வருவோர் சொல்லும் ஒரு சொல் அவளை எத்தனை இரவுகள் உறங்கவிடாமல் செய்கிறது! உடல் தூய ஆவியார் வாழும் கோவில் என்று மறைக்கல்வியில் கற்பிக்கும் நாம், அக்கோவிலின் அகலத்தை அளக்கும் வேலையை யாரிடமிருந்து பெற்றோம்? மாத்திரை விற்பவன் அவளைக் காண்பதற்கு முன்பே, நம் நாவு முதற்சாட்டையை வீசிவிடுகிறது.

யாயிரின் மகள் பன்னிரண்டு வயதுச் சிறுமி. அவளை உயிர்ப்பித்தவுடன் இயேசு பெற்றோரிடம் இட்ட கட்டளை, அவளுக்கு உண்ணக் கொடுக்க வேண்டும் என்பதே. உயிரோடு எழுந்த உடலின் பசியை ஆண்டவர் மறக்கவில்லை. நம் வீட்டு மேசையைச் சுற்றி அமரும் பிள்ளைகளுக்கு அளவான உணவையும், நடக்கவும் விளையாடவும் நேரத்தையும், புண்படுத்தாத சொற்களையும் நாம் பரிமாறுவோமாக. வருகின்ற தவக்காலத்தில் நாவுக்கும் சேர்த்து நோன்பிருப்போமாக.