கை நிற்கிற இடம்

பள்ளி விடுமுறைக்கு, மலேசியாவின் தேயிலை மலை ஊரான தானா ராத்தாவில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்த பேத்தி, போன வருடம் தவறிப்போன தன் பாட்டி கொழுந்து கிள்ளுவதை மடிக்கணினியில் வரைந்திருந்தாள். கை செடிக்குப் போகிறது, கிள்ளுகிறது, முதுகுக் கூடைக்குள் போடுகிறது. மொத்தம் 24 படங்கள், ஓடவிட்டால் ஒரே நொடி. "கோழி கொத்துற மாதிரி இருக்கு தாத்தா" என்று முகம் வாடினாள்.

அவள் வரைவது கிரிட்டா என்ற இலவச மென்பொருளில். 2016-ல் வந்த 3.0 பதிப்பு முதல் அதில் அசைவுப் படமும் செய்யலாம். பிளேபேக் ஸ்பீடை 100-லிருந்து 50 ஆக்கினாள். கை நிதானப்பட்டது. ஆனால் வீடியோவாக எடுத்ததும் பழையபடி கொத்தல்தான். அந்த எண் நாம் பார்க்கிற வேகத்தை மட்டுமே மாற்றுமாம். படத்தின் வேகம், நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற வேறோர் எண்ணில் இருக்கிறது. அதை 24-லிருந்து 12-க்கு இறக்கினாள். இப்போது வீடியோவும் 2 நொடி ஓடியது, ஆனால் கை நோயாளியின் கை போலத் தளர்ந்து போனது.

தேயிலை ஆலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவன் நான். அவசரத்துக்குச் சூட்டைக் கூட்டினால் இலை சீக்கிரம் துவண்டுவிடும். பார்க்க வாடிய இலைதான். ஆனால் அதற்குள்ளே நடக்கவேண்டிய மாற்றத்துக்கு மணிக்கணக்கில் பொழுது வேண்டும். அது நடக்காத குறை கோப்பையில் தெரிந்துவிடும். பேத்தியின் படத்திலும் குறை வேகத்தில் இல்லை என்று எனக்குப் பட்டது.

இப்போது இந்த மலையில் பெரும்பாலும் கத்தரியும் இயந்திரமும்தான் கொழுந்து வெட்டுகின்றன. கையால் கிள்ளுவதை அவள் பார்த்ததே இல்லை. கிள்ளுவது மின்னல் வேகம்தான். அதற்கு முன்னால் கை ஒரு கணம் செடிமேல் நிற்கும். இரண்டு இலையும் ஓர் அரும்புமாய் இருப்பது எது என்று கண் தேடுகிற கணம் அது. படத்தில் அதைக் காணோம்.

எனக்கே அது பிந்தித்தான் தெரிந்தது. கிரிட்டாவில் 'டிராப் ஃபிரேம்ஸ்' என்று ஒன்று உண்டு. கணினியால் ஈடுகொடுக்க முடியாதபோது, வேகம் குறையாமலிருக்க நடுவில் சில படங்களைக் காட்டாமல் தாண்டிவிடும். என் மனைவி மலைச்சரிவில் நின்ற இருபது வருடத்தை நான் அப்படித்தான் பார்த்திருக்கிறேன். காலையில் கூடையோடு போனாள், மாலையில் எடை போட வந்தாள். நடுப்பொழுது முழுவதும் என் அவசரத்தில் போய்விட்டது. ஓய்வு பெற்றபின் வீட்டுக்குப் பின்னால் வைத்த நாலு செடியில்தான், அவள் கை அப்படி நிற்பதை முதன்முதலாகப் பார்த்தேன். அதற்குள் அவள் விரல்கள் மரத்துப்போயிருந்தன.

மலேசியாவின் முதல் அசைவுக் குறும்படமான 'ஹிக்காயாட் சாங் கஞ்சில்', ஆனந்தம் சேவியர் உருவாக்கியது. 1978-ல் முடிந்த அந்தப் படம் 1983-ல்தான் ஒளிபரப்பானது. அசைவுப் படத்துக்குக் காத்திருப்பும் உண்டு என்று, சலித்து உட்கார்ந்திருந்த பேத்தியிடம் அதைச் சொன்னேன். பாட்டியின் கை நிற்கிற கணத்தையும் சொன்னேன்.

மறுபடி 24 வைத்தாள். கிள்ளுவதற்கு முந்தைய படத்தை மட்டும் 8 ஃபிரேம் நிற்க வைத்தாள். போதாது என்றேன். "பாட்டி எப்படி நிறுத்துவாங்க, காட்டுங்க" என்றாள். மேசைமேல் என் கையை நீட்டினேன். அவள் எண்ணினாள். 10 வைத்தாள், பிறகு 14. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் அதற்குமேல் எண்ணை மாற்றவில்லை.