கீரனூர் டு ‘பிரான்ஸ்’... மலேசிய மலையில் ஒரு பகல்!

“இங்க யாருய்யா குடியிருக்கா?”

கீரனூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த அந்த அம்மா, கோட்டை வாசலைத் தாண்டியதும் மகனிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். எதிரே மஞ்சளும் நீலமும் ரோஜா நிறமுமாக வரிசையாக வீடுகள். செங்குத்தான கூரைகள், சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டங்கள், ஜன்னலுக்கு ஜன்னல் பூந்தொட்டி. கல் பாவிய தெரு. நடுவே நீரூற்று. ஆனால், வாசலில் காயும் துணி இல்லை, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் இல்லை.

“யாரும் இல்லம்மா. கீழ கடை, மேல ஓட்டல் ரூமு. சுத்திப் பாக்குறதுக்குன்னே கட்டி வச்ச ஊரு.”

“அப்ப சும்மாவா இவ்வளவு வீடு!”

மலேசியாவின் பஹாங் மாநிலத்தில், பெந்தோங் மாவட்டத்தின் புக்கிட் திங்கி மலையில் இருக்கிறது கோல்மார் டிராபிகேல். கோலாலம்பூரிலிருந்து சுமார் ஒரு மணி நேரப் பயணம். பிரான்ஸ் நாட்டின் அல்சாஸ் பகுதியிலுள்ள கோல்மார் என்ற பழைய ஊரைப் பார்த்து, அதே சாயலில் கட்டிய சுற்றுலா கிராமம். பிரான்ஸ் போய் அந்த ஊரில் மனம் மயங்கிய அன்றைய பிரதமர் மகாதீர் முகமதுவின் யோசனையில்தான் இது உருவானது என்கிறார்கள்.

ஐதராபாத்தை விட கோலாலம்பூர் பக்கம்!

கீரனூர்க்காரர்களுக்கு மலேசியா தூரத்து நாடு அல்ல. திருச்சி விமான நிலையமே புதுக்கோட்டை ரோட்டில்தான் இருக்கிறது. கீரனூரில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் அதன் வாசல். 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட புதிய முனையத்திலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம். சுமார் நான்கு மணி நேரம் பறந்தால் போதும். ரயில் பிடித்து ஐதராபாத் போவதற்கு இதைவிட அதிக நேரம் ஆகும்.

அதனால்தான் குளத்தூர் தாலுகா ஊர்களில் தெருவுக்கு ஒருவராவது மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார். நாகப்பட்டினத்தில் ‘ரஜுலா’ கப்பல் ஏறி நாள்கணக்கில் கடலில் கிடந்து பினாங்கு போய்ச் சேர்ந்த தாத்தாக்களின் கதை பல வீடுகளில் உண்டு. அன்று ரப்பர் தோட்டம், ரயில் பாதை. இன்று ஓட்டல், கட்டட வேலை, முடிதிருத்தும் கடை.

இந்த அம்மாவின் மகன் கோலாலம்பூரில் ஓர் உணவகத்தில் பரோட்டா மாஸ்டர். அங்கே அதன் பெயர் ரொட்டி சானாய். மாவை வீசுவதிலிருந்து கல்லில் போடுவது வரை கொஞ்சம் வித்தியாசம்தான், ஒரு வாரத்தில் கை பழகிவிட்டது. ஊருக்கு வந்து மூன்று வருடங்கள் ஆகிவிட்டன. மாதத்துக்கு இரண்டு நாள் லீவு. அந்த இரண்டையும் சேர்த்து வாங்கிக்கொண்டு அம்மாவையும் மனைவியையும் ஆறு வயது மகளையும் வரவழைத்திருந்தார். சுற்றுலாவாக வரும் இந்தியர்களுக்கு 30 நாள்கள் வரை விசா தேவையில்லை என்று மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் அறிவித்ததுதான் இதைச் சாத்தியமாக்கியது.

முதல் நாள் பத்துமலை. 272 படிகளையும் அந்த அம்மா மூச்சு வாங்காமல் ஏறி இறங்கினார். “நார்த்தாமலை ஏறுற காலுய்யா” என்று சொல்லிக்கொண்டார். இரண்டாம் நாள்தான் புக்கிட் திங்கி.

மலைமேல் குளிர்காற்று

கோலாலம்பூரைத் தாண்டி காராக் நெடுஞ்சாலையில் ஏறியதும் இரண்டு பக்கமும் காடு. கார் ஓட்டியவர் அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். “அம்மா, புதுக்கோட்டையா? எங்க தாத்தாவும் அந்தப் பக்கம்தான். எந்த ஊருன்னு அப்பாவுக்கே தெரியாது” என்றார். அந்த அம்மா நான்கைந்து ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பார்த்தார். எதற்கும் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஆனாலும் அதன்பிறகு அவர் காரில் பழைய தமிழ்ப் பாட்டு சத்தம் கூடியது.

கெந்திங் செம்பா சுரங்கப்பாதையைத் தாண்டினால் பஹாங் மாநிலம். நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏற வேண்டும். கோல்மார் கிராமம் இருப்பது சுமார் 2,700 அடி உயரத்தில். ஊட்டி, கொடைக்கானல் குளிரை எதிர்பார்க்க வேண்டாம். ஏற்காடு மாதிரி இதமான காற்று. கீழே கோலாலம்பூரில் வியர்த்து வழிந்தவர்களுக்கு அதுவே பெரிய சுகம்.

நுழைவாயிலில் கோட்டைக் கோபுரம், பக்கத்தில் குளம், அதில் அன்னங்கள். உள்ளே ஒரே நீளத் தெரு. இருபுறமும் கடைகள், பேக்கரி, உணவகம். தெருவின் கடைசியில் உயரமான கோபுரம். அதன் மேலே ஏறினால் காடு போர்த்திய மலைகள் அடுக்கடுக்காகத் தெரியும். தலைசுற்ற வைக்கும் ராட்சத ராட்டினங்களை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு இது ஏமாற்றம். அதற்கு கெந்திங் மலைக்குப் போக வேண்டும். இங்கே நடப்பது, படம் எடுப்பது, உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது, இவைதான் வேலை. வயதானவர்களும் குழந்தைகளும் சேர்ந்து வரும் குடும்பத்துக்கு அதுவே வசதி.

இன்னும் கொஞ்சம் மேலே ஏறினால் ஜப்பானிய கிராமம். சிறு ஓடைகள், மரப்பாலம், தேநீர் வீடு என்று அமைதியான இடம். ஒரே மலையில் காலையில் பிரான்ஸ், மதியம் ஜப்பான்!

வைக்கோலும் களிமண்ணும்

உண்மையான கோல்மார், பிரான்ஸின் கிழக்கு எல்லையில் இருக்கிறது. ஊரின் பெயர் எழுத்தில் முதலில் கிடைப்பது 9-ம் நூற்றாண்டு ஆவணத்தில். கீரனூரை அடுத்த நார்த்தாமலையின் மேல் நிற்கும் விஜயாலய சோழீஸ்வரமும் அதே 9-ம் நூற்றாண்டைச் சேர்ந்ததுதான். நியூயார்க் துறைமுகத்தில் நிற்கும் சுதந்திர தேவி சிலையை வடித்த பர்தோல்தி, 1834-ல் பிறந்தது கோல்மாரில்தான்.

அல்சாஸ் மக்களுக்கு இன்னொரு விசித்திர அனுபவமும் உண்டு. 1871-ல் அந்தப் பகுதி ஜெர்மனிக்குப் போனது. முதல் உலகப் போர் முடிந்து 1918-ல் பிரான்ஸுக்கு வந்தது. 1940-ல் மறுபடி ஜெர்மனி. இரண்டாம் உலகப் போரின் முடிவில் மறுபடி பிரான்ஸ். வீட்டை விட்டு நகராமலே நான்கு முறை நாடு மாறியவர்கள் அவர்கள்.

அந்த ஊர் வீடுகளின் அழகுக்குக் காரணம் தேவைதான். முதலில் கனமான மரச்சட்டங்களால் கூடு அமைப்பார்கள். இடைவெளியில் குச்சிகளைப் பின்னி, களிமண்ணையும் வைக்கோலையும் பிசைந்து அப்பிச் சுவராக்குவார்கள். மேலே சுண்ணாம்புப் பூச்சு. பனி தங்காமல் வழிந்துவிட வேண்டும் என்பதற்காகக் கூரை செங்குத்தாக இருக்கும்.

தெருவோரப் பெஞ்சில் உட்கார்ந்தபடி மகன் இதை போனில் பார்த்துச் சொன்னபோது அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “வைக்கோலும் களிமண்ணுமா? நம்ம பழைய வீடு அப்படித்தானேய்யா. உங்க அப்பாவும் நானும் மிதிச்சு வச்ச சுவருதான. அதப் பாக்கவா இவ்வளவு தூரம் கூட்டியாந்த?”

பிறகு அண்ணாந்து பார்த்துக் கேட்டார்: “இங்க பனி கொட்டுமா?”

“இல்லம்மா. மழைதான்.”

“அப்புறம் எதுக்கு இவ்வளவு செங்குத்தா?”

அதற்கு மகனிடம் பதில் இல்லை. கொஞ்ச நேரத்தில் மழையே பதில் சொன்னது. மலைப்பகுதி என்பதால் மதியத்துக்கு மேல் திடீரென்று கொட்டியது. கூரையில் விழுந்த தண்ணீர் ஒரு நொடியும் நிற்காமல் தெருவில் இறங்கி ஓடியது. “ம்... நல்லாத்தான் கட்டியிருக்கான்” என்று ஒப்புக்கொண்டார்.

பிரான்ஸுக்குப் போன ராஜா

புதுக்கோட்டைக்கும் பிரான்ஸுக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. புதுக்கோட்டை சமஸ்தான மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான், 1915-ல் ஆஸ்திரேலியப் பெண்ணான மோலி ஃபிங்கைத் திருமணம் செய்துகொண்டார். அந்தத் திருமணத்தை பிரிட்டிஷ் அரசு அங்கீகரிக்கவில்லை. கடைசியில் மன்னர் நாட்டை விட்டே வெளியேறினார். பிரான்ஸின் தென்கடற்கரை நகரமான கான் நகரில் வாழ்ந்தார். 1928-ல் பாரிஸில் காலமானார். இறுதிச் சடங்கு நடந்தது லண்டனில். ஊருக்குத் திரும்பவே இல்லை.

அந்தக் கதையை அந்த அம்மா சின்ன வயதில் கேட்டிருக்கிறார். “ராசாவா இருந்தாலும் போன எடத்துலயே முடிஞ்சு போச்சு பாரு” என்று அவர் சொன்னது மருமகளிடம்தான். ஆனால், மகன் காதிலும் விழுந்தது.

அப்பா என்றால் போன்!

அந்தக் குடும்பத்துக்கு அன்றைய பகலில் சுற்றிப் பார்ப்பதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. மகள் அப்பாவிடம் ஒட்டவில்லை. வீடியோ காலில் மணிக்கணக்காகப் பேசுகிற பிள்ளை, நேரில் பார்த்ததும் அப்பாயி சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. விமான நிலையத்தில் தூக்கப் போனபோது அழுதது. பத்துமலையிலும் அப்பா கையைப் பிடிக்கவில்லை. மூன்று வயதில் விட்டுவிட்டு வந்த குழந்தை. அவளுக்கு அப்பா என்றால் போன் திரையில் தெரியும் முகம்.

“தானா வருவா, விடுங்க” என்று மனைவி சொன்னார். சொன்னாரே தவிர, அவர் கண்ணும் அதையேதான் கவனித்துக்கொண்டிருந்தது.

மழை விட்டதும் நான்கு பேரும் குடை ராட்டினத்தின் அருகில் போனார்கள். வண்ணக் குதிரைகள் மேலும் கீழும் போய்ச் சுற்றின. குழந்தைக்கு ஏற ஆசை, தனியாக உட்காரப் பயம். அப்பாயியைக் கூப்பிட்டாள். “எனக்குக் கிறுகிறுன்னு வரும் தாயீ” என்று அவர் ஒதுங்கினார். அம்மாவைக் கூப்பிட்டாள். மனைவி, பையையும் குடையையும் காட்டினார். இருவரும் பேசி வைத்துக்கொண்டு செய்தார்களா என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

ராட்டினம் சுற்றத் தொடங்கியபோது குழந்தை குதிரை மேல். அப்பா பக்கத்தில் நின்று இடுப்பைப் பிடித்திருந்தார். முதல் சுற்றில் அவள் கம்பியைப் பிடித்திருந்தாள். மூன்றாவது சுற்றில் அப்பாவின் சட்டையைப் பிடித்திருந்தாள். இறங்கியதும், “இன்னொரு தடவ” என்றாள். அவரிடமே கேட்டாள்.

மாடி வேண்டாம்

பேக்கரியில் டீயும் ரொட்டியும் வாங்கி உட்கார்ந்தபோதுதான் மகன் அந்தப் பேச்சை எடுத்தார். வேலை ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. இன்னும் இரண்டு வருடம் இருந்தால் ஊரில் கட்டும் வீட்டுக்கு மாடியும் எடுத்துவிடலாம். ஏஜென்ட்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் இப்போதுதான் அடைந்திருக்கிறது. இனிமேல் வருவதெல்லாம் மிச்சம்.

வீடு இப்போது லிண்டல் மட்டத்தில் நிற்கிறது. அம்மாவும் மருமகளும் குழந்தையும் பக்கத்தில் பழைய மண் வீட்டில்தான் இருக்கிறார்கள்.

அந்த அம்மா ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மழையில் கழுவிவிட்ட மாதிரி எல்லா வீடும் பளபளத்தன.

“மாடியில யாருய்யா இருக்கப் போறா?”

மகன் பேசவில்லை.

“எனக்கு ஏற முடியாது. இவ ஒத்தையில கீழயும் மேலயும் கூட்டிப் பெருக்கணும். தளத்த மட்டும் போட்டு மூடுற அளவுக்கு இருந்துட்டு வா. போதும்.”

“ஊர்ல எல்லாரும் மாடி எடுக்குறாங்கம்மா...”

“எடுக்கட்டும். அவங்க பிள்ளை அவங்ககிட்டப் போகுதான்னு கேட்டுட்டு வா.”

அதன்பிறகு அந்தப் பேச்சை யாரும் தொடரவில்லை. மருமகள் டீயைக் குடித்து முடித்தார். குழந்தை அப்பாவின் தட்டிலிருந்து ரொட்டியை எடுத்துத் தின்றாள்.

திரும்பும் வழியில் கடை ஒன்றில் வண்டி நின்றது. பெந்தோங் இஞ்சி மலேசியா முழுக்கப் பேர் போனது. அந்த அம்மா ஒரு துண்டை உடைத்து முகர்ந்து பார்த்து, “காரமாத்தான் இருக்கு. நம்ம மண்ணுல வருமா தெரியல” என்றார். டிரைவர் தன் காசில் ஒரு பொட்டலம் வாங்கி, “வச்சுக்கங்கம்மா, தாத்தா ஊர்க்காரங்க” என்று கையில் கொடுத்தார். வாங்க மறுத்தும் விடவில்லை.

ஒரு வாரம் கழித்து கோலாலம்பூர் விமான நிலையத்தில் விடைபெறும்போது குழந்தை அழுதது. இந்த முறை, அப்பாவை விட்டு வர மாட்டேன் என்று. செக்-இன் வரிசையில் நின்ற அம்மாவிடம் மகன் சொன்னார்:

“மொதலாளிகிட்ட ஒரு வருஷத்துக்குத்தான் சொல்லியிருக்கேம்மா.”

“சரிய்யா” என்றார் அந்த அம்மா. அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. திருச்சியில் இறங்கி கீரனூர் பஸ்ஸில் உட்கார்ந்ததும், மருமகளிடம் முதல் வேலையாக மேஸ்திரிக்குப் போன் போடச் சொன்னார்.

போகிறவர்கள் கவனத்துக்கு...

* விசா விலக்கு 2026 இறுதி வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. டிக்கெட் எடுக்கும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பயணத்துக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும்.

* மலேசிய நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால்.

* மலைமேல் திரும்பி வர டாக்ஸி கிடைப்பது சிரமம். வண்டி பேசும்போதே போக, வர, காத்திருக்க என்று சேர்த்துப் பேசிவிடுங்கள்.

* காலையிலேயே கிளம்பினால் மழைக்கு முன் பார்த்துவிடலாம். குடை கட்டாயம். வழுக்காத செருப்பு நல்லது.

* கிராமத்தையும் ஜப்பானியத் தோட்டத்தையும் நிதானமாகப் பார்க்க ஒரு பகல் போதும்.